அம்மாவின் பலூன் ஆசை: ஜூன் விடுமுறைக்குள் நிறைவேறுமா?

கேள்வி: ஜூன் மாதம் என் பெற்றோருக்கு 40ஆவது திருமண நாள். வெப்பக் காற்று பலூனில் ஒருமுறையாவது பறக்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அப்பாவுக்கு வயது 68, முழங்கால் வலி உண்டு. என் மகனுக்கு 6 வயது. சிங்கப்பூரிலேயே பறக்க முடியுமா? இல்லையென்றால் எங்கே போகலாம்? அம்மாவிடம் சொல்லாமல் ஏற்பாடு செய்ய நினைக்கிறேன். – வாசகி, பொங்கோல்

பதில்: முதலில் அப்பாவின் முழங்காலைப் பற்றிப் பேசிவிடுவோம். எந்த ஊர் என்பதைவிட அதுதான் முக்கியம்.

பலூன் கூடையில் உட்கார இடம் கிடையாது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றபடிதான் பறக்க வேண்டும். பெரும்பாலான கூடைகளுக்குக் கதவும் இருக்காது. பக்கவாட்டில் உள்ள துளைகளில் கால் வைத்து, நெஞ்சுயரச் சுவரைத் தாண்டி உள்ளே இறங்க வேண்டும். இறங்கும் நேரம் வந்ததும் பைலட் குரல் கொடுப்பார். எல்லோரும் பறக்கும் திசைக்கு முதுகைக் காட்டி, கூடைச் சுவரில் சாய்ந்து, முழங்காலை மடக்கி, உள்ளே இருக்கும் கயிற்றுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று இருந்தால் கூடை தரையில் கொஞ்சம் இழுபட்டு, மெல்லச் சாயவும் செய்யும். இது விபத்து இல்லை, வழக்கமான தரையிறக்கம்தான். ஆனால் வலிக்கும் முழங்காலுக்கு அந்த ஒரு நிமிடம் பெரிய சோதனை.

வீட்டிலேயே அப்பாவைச் சுவரில் முதுகு சாய்த்து, முழங்காலைப் பாதி மடக்கி, அரை நிமிடம் நிற்கச் சொல்லிப் பாருங்கள். சிரமப்பட்டால் வற்புறுத்த வேண்டாம். நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சில நிறுவனங்களிடம் கதவு வைத்த கூடை உண்டு, விசாரியுங்கள். பலூன் எங்கே இறங்கினாலும் ஆட்களை ஏற்றிவரத் தரையில் ஒரு வண்டி பின்தொடர்ந்து வரும். அப்பா அதில் வர அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். அம்மா கூடையிலிருந்து இறங்கும்போது அவர் அங்கே நிற்கலாம்.

மகனைப் பொறுத்தவரை, ஒவ்வொரு நிறுவனமும் வயதுக்கோ உயரத்துக்கோ ஒரு வரம்பு வைத்திருக்கும். 6 வயதை ஏற்கும் இடமும் உண்டு, மறுக்கும் இடமும் உண்டு. பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரி, சிங்கப்பூர். இங்கே நீங்கள் கேட்கும் பயணம் நடக்காது. பலூனை ஏற்றலாம், இறக்கலாம், திருப்ப முடியாது. உயரத்துக்கு உயரம் காற்றின் திசை மாறும். வேண்டிய திசையில் வீசும் அடுக்கைத் தேடி ஏறி இறங்குவதுதான் பைலட்டின் திறமை. மணிக்கு 15 கிலோமீட்டர் காற்று வீசினால் ஒரு மணி நேரத்தில் 15 கிலோமீட்டர் போய்விடும். நம் தீவோ கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டர், வடக்கு தெற்காக அதில் பாதிதான். ஒருபுறம் சாங்கி விமான நிலையம், இன்னொருபுறம் சிலேத்தார் விமான நிலையம், நடுவில் பாய லேபார் விமானத் தளம். மிச்சமெல்லாம் வீவக அடுக்குமாடி புளோக்குகளும் கடலும். இறங்க வயல்வெளி எங்கே?

உயரத்தில் கொண்டாடினால் போதும் என்றால் சிங்கப்பூர் ஃபிளையர் என்ற ராட்சத ராட்டினம் இருக்கிறது. 165 மீட்டர் உயரம், அரை மணி நேரம், அப்பாவும் கவலையில்லாமல் வரலாம். ஆனால் அம்மாவின் ஆசை அதுவல்ல என்று நினைக்கிறேன்.

ஜூன் என்பதால் என் தேர்வு ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ். அங்கே அது மழை குறைந்த பருவம். இங்கிருந்து நேரடி விமானம் இருக்கிறது, நேர வித்தியாசமும் 2 மணி நேரம்தான். அதனால் வயதானவர்களுக்கு உடம்பு அலுக்காது. நகரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள அதர்டன் பீடபூமியில்தான் பலூன் கிளம்பும். துருக்கியின் கப்படோக்கியா அழகில் அதற்கும் மேல், ஜூன் அங்கேயும் நல்ல மாதம்தான். ஆனால் இஸ்தான்புல் வரை நீண்ட விமானப் பயணம், பிறகு உள்நாட்டு விமானம் வேறு. உங்கள் அப்பாவுக்காகத்தான் கெய்ன்ஸைச் சொல்கிறேன். பயணத்தை ஜனவரிக்குத் தள்ளலாம் என்றால், பொங்கலை ஒட்டிப் பொள்ளாச்சியில் நடக்கும் பலூன் விழாவையும் யோசியுங்கள். உறவினர்களும் கூடலாம். பெற்றோரிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று நீங்கள் எழுதவில்லை. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டுக்கு ஆஸ்திரேலிய மின்-அனுமதி போதும், இந்தியப் பாஸ்போர்ட் என்றால் முறையான விசா எடுக்க நாள் பிடிக்கும்.

இப்போது தேதி. திருமண நாள் அன்றே பறக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். சூரியன் ஏறித் தரை சூடானதும் காற்று கொந்தளிக்கும் என்பதால் பலூன் பெரும்பாலும் விடியலில்தான் கிளம்பும். அந்த நேரத்திலும் காற்று பலமாக வீசினால், பனிமூட்டம் இருந்தால் ரத்துதான். ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலைக்கே பதிவு செய்யுங்கள். தவறினால் அடுத்த காலை, அதற்கடுத்த காலை என்று கையில் நாள் இருக்கும். கடைசி நாளுக்கு வைத்து, அது ரத்தாகி, ஏமாற்றத்தோடு விமானம் ஏறிய குடும்பங்களை எனக்குத் தெரியும். வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு தேதி மட்டும்தான் தருவார்களா என்பதையும் முன்பே பாருங்கள். பைலட் பறக்க மறுத்தால் வாதாடாதீர்கள். அப்படி மறுப்பவரைத்தான் நாம் நம்பலாம்.

சொல்லாமல் அழைத்துப்போவது வேண்டாம். அதிகாலை 4 மணிக்கு எழுப்பிக் கூட்டிப்போய்ச் சுவரேறச் சொன்னால் அம்மா பதறிப்போவார். ஊரைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம், பலூனைச் சொல்லிவிடுங்கள். சேலை கட்டிப் படமெடுக்க ஆசைப்பட்டால் இறங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஏறும்போது பருத்திக் கால்சட்டை, தட்டையான ஷூ, ஒரு ஸ்வெட்டர். தலைக்கு மேலே பர்னர் எரியும்போது உச்சி சுடும், தொப்பி உதவும். துப்பட்டா, மாலை போன்று தொங்கும் எதுவும் கூடைக்குள் வேண்டாம். கேக்கும் மாலை மாற்றலும் தரையில்தான்.

இறங்கியதும் ஷாம்பெயின் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். பழரசமும் சைவக் காலை உணவும் வேண்டுமென்றால் பதிவின்போதே எழுதிவிடுங்கள். பயணக் காப்புறுதியில் பலூன் பயணம் சேர்த்தியா என்று பாருங்கள், சில திட்டங்கள் அதை விலக்கிவைக்கும். அப்புறம், எல்லோருடைய எடையையும் உள்ளபடியே சொல்லுங்கள். எத்தனை பேரை ஏற்றலாம், கூடையில் யார் எந்தப் பக்கம் நிற்பது என்பதையெல்லாம் அந்த எண்களை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.