முதல் ஓவர்கிளாக் கம்ப்யூட்டர்: 360 லிக்விட் கூலர் தேவையா?

கேள்வி: திருச்சியில் கல்லூரியில் படிக்கிறேன். முதல்முறையாக நானே பாகங்கள் வாங்கி கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். ரைசன் 5 7600எக்ஸ் ப்ராசஸர், பி650 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு என்று முடிவு செய்துவிட்டேன். கேம் விளையாடுவேன், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் செய்வேன், ஓவர்கிளாக் செய்து, அதாவது ப்ராசஸரை அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்க்கவும் ஆசை. கடைக்காரர் "ஓவர்கிளாக் என்றால் 360 எம்எம் லிக்விட் கூலர்தான்" என்கிறார். அதாவது, திரவத்தைப் பம்ப்பால் சுற்றவிட்டு 360 எம்எம் ரேடியேட்டரில் ஆறவைக்கும் கூலர். சீனியர் ஒருவர் ஃபேன் காற்றாலேயே குளிர்விக்கும் டவர் கூலரே போதும் என்கிறார். தன்னிடம் சும்மா கிடக்கும் பழைய 240 லிக்விட் கூலரை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றும் சொல்கிறார். அறையில் ஏசி கிடையாது. எதை வாங்குவது?

பதில்: உங்கள் சீனியர் சொல்வது சரி. இந்த ப்ராசஸருக்கு ஆறு ஹீட் பைப்பும் (வெப்பத்தைக் கடத்தும் குழாய்) இரண்டு ஃபேனும் உள்ள டவர் கூலர் ஒன்று வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல காற்றோட்டமுள்ள கேபினட்டில் போடுங்கள். காரணம் தெரிந்துவிட்டால், நாளைக்கு வேறு ப்ராசஸர் வாங்கும்போது யாரையும் கேட்காமல் நீங்களே முடிவெடுக்கலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எத்தனை வாட் வெப்பத்தை வெளியே தள்ளப்போகிறோம் என்று பார்ப்போம். 7600எக்ஸ் பெட்டியில் 105 வாட் என்று போட்டிருப்பார்கள். உண்மையில் மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் வழியாக 142 வாட் வரை இழுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. இது ஓவர்கிளாக் செய்யாத நிலையிலேயே உள்ள வரம்பு. வாங்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும்.

ஓவர்கிளாக் செய்யும்போது வேகத்தை விட வோல்டேஜ்தான் வெப்பத்தை ஏற்றுகிறது. வேகம் எவ்வளவு கூடுகிறதோ அதே விகிதத்தில் வெப்பம் கூடும். வோல்டேஜ் கூடினால் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 5.0 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் 110 வாட் எடுக்கும் ஒரு ப்ராசஸரை 5.3 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றுகிறீர்கள், அதற்காக வோல்டேஜை 1.32 ஆக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேகம் 6 சதவீதம்தான் கூடியிருக்கிறது. வெப்பமோ 28 சதவீதம் கூடி 141 வாட்டுக்குப் போய்விடும். சில்லு சூடாகச் சூடாக மின்கசிவும் கூடும் என்பதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

சரி, 140 வாட் என்றால் 360 லிக்விட் கூலர் சுலபமாகச் சமாளிக்குமே என்று கேட்பீர்கள். சமாளிக்கும். ஆனால் இந்த ப்ராசஸரில் சிக்கல் கூலருக்கு முன்னாலேயே இருக்கிறது. 7600எக்ஸின் ஆறு கோர்களும் சுமார் 70 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள ஒரே ஒரு சின்னச் சில்லுக்குள் இருக்கின்றன. விரல் நகம் அளவு இடத்திலிருந்து அவ்வளவு வெப்பமும் புறப்பட்டு, மேலே உள்ள தடித்த உலோக மூடியைக் கடந்து, இடையில் தடவும் தெர்மல் பேஸ்ட்டைத் தாண்டித்தான் கூலரின் அடித்தட்டுக்கு வந்து சேர வேண்டும். பழைய ரைசன்களின் ஏஎம்4 சாக்கெட்டுக்கான கூலர்கள், 7600எக்ஸ் உட்காரும் புதிய ஏஎம்5 சாக்கெட்டிலும் பொருந்த வேண்டும் என்பதற்காக இந்த மூடியைத் தடிமனாகவே வைத்தார்கள். வெப்பத்துக்கு நெரிசல் ஏற்படுவது இந்த இடத்தில்தான். அதைத் தாண்டி வந்த பிறகு, அந்த வெப்பத்தை எடுத்துப் போக ஆறு ஹீட் பைப்புகளே போதும். 360 ரேடியேட்டர் மாட்டினால் சில டிகிரி குறையும், அவ்வளவுதான். ஒரு சாதாரண டவர் கூலரைப் போல மூன்று நான்கு மடங்கு விலை கொடுத்து அந்தச் சில டிகிரியை வாங்க வேண்டுமா என்பதே கேள்வி.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் முதல் நாளே பயந்துவிடுவீர்கள். முழு வேலை கொடுத்தால் இந்தத் தலைமுறை ரைசன் 95 டிகிரியைத் தொடும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். மின்சாரம், வேகம், வெப்பம் என்ற மூன்று வரம்புகளில் எதை முதலில் தொடுகிறதோ அதுவரை தானே ஏறிப் போகும். 95ஐத் தொட்டதும் எரிந்துவிடாது, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் கூலர் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க, டிகிரியோடு வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் அறைக்கு வருவோம். டவர் கூலரோ லிக்விட் கூலரோ, இரண்டும் கடைசியில் வெப்பத்தை அறைக் காற்றில்தான் விடுகின்றன. அறையை விடக் குளிர்ச்சியாக ப்ராசஸரை வைக்க இரண்டாலும் முடியாது. அறை ஒரு டிகிரி ஏறினால் ப்ராசஸரும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். ஜனவரி இரவில் 24 டிகிரி அறையில் 78 காட்டிய கம்ப்யூட்டர், கத்திரி வெயிலில் 38 டிகிரி அறையில் அதே வேலைக்கு 92 காட்டும். வெளிநாட்டு ரிவ்யூக்களில் வரும் எண்களைப் பார்க்கும்போது இதை மறக்காதீர்கள். பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில்தான் சோதனை செய்கிறார்கள். சிலர் அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் போடுவார்கள். அந்த எண்ணோடு உங்கள் அறையின் மே மாத வெப்பத்தைக் கூட்டிப் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும்.

கேபினட்டுக்குள் இருக்கும் காற்று அறைக் காற்றை விடவும் சூடு. உங்கள் 4060 மட்டுமே 115 வாட் வரை எடுக்கும். ப்ராசஸரையும் சேர்த்தால் அந்தப் பெட்டிக்குள் ஏறக்குறைய 250 வாட் வெப்பம் சுற்றிக்கொண்டிருக்கும். அது வெளியேற வழியில்லை என்றால் எந்தக் கூலரும் சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி விட்ட கேபினட்டுகள் பார்க்க அழகாக இருக்கும், நம் ஊர் வெயிலுக்கு வேண்டாம். முன்பக்கம் வலை, உள்ளே இழுக்க இரண்டு ஃபேன், பின்பக்கம் வெளியே தள்ள ஒன்று. இது போதும். முன்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

கம்ப்யூட்டர் டேபிளில் சிபியூ வைப்பதற்கென்று மூன்று பக்கமும் பலகை அடைத்த ஒரு இடம் இருக்குமே, அங்கே வைக்கவே வைக்காதீர்கள். பின்னால் தள்ளிய சூடான காற்று பலகையில் மோதி முன்னால் சுற்றி வந்து மறுபடி உள்ளே போகும். டேபிள் மேலேயோ பக்கத்தில் ஒரு ஸ்டூலிலோ, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தண்ணீர் ஊற்றும் ரூம் கூலர் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதன் காற்று நேராக கேபினட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறை குளிர்ந்தால் நல்லதுதான், ஆனால் தெறிக்கும் துளிகளும் உப்புத் தண்ணீரின் படிவும் உள்ளே போகக்கூடாது.

எந்த மாடல் என்று கேட்டால், டீப்கூல் ஏகே620, தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ இரண்டுமே இந்த வேலைக்குப் பொருத்தம். நான்கு ஹீட் பைப், ஒரே ஃபேன் உள்ள ஏகே400 கூட ஓவர்கிளாக் செய்யாத 7600எக்ஸைச் சமாளிக்கும். ஏசி இல்லாத அறையில் ரெண்டரும் செய்வீர்கள் என்பதால் ஒரு படி மேலே போகச் சொல்கிறேன். பெரிய கூலர் என்றால் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும். ஃபேனின் வேகம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறிவிடும். இரவு ரெண்டர் போட்டுவிட்டு அதே அறையில் தூங்குபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பணம் கொடுக்கும் முன் உயரத்தைப் பாருங்கள். பியர்லெஸ் அசாசின் 155 மில்லிமீட்டர், ஏகே620 160 மில்லிமீட்டர். உங்கள் கேபினட் எவ்வளவு உயரமான கூலரை ஏற்கும் என்று அதன் விவரத்தில் இருக்கும். விளக்கும் அலங்காரமுமாக உயரமாக இருக்கும் ரேம் வாங்கினால் முன்பக்க ஃபேனை மேலே ஏற்றி மாட்ட வேண்டி வரும், அப்போது மொத்த உயரமும் கூடிவிடும். அதனால் உயரம் குறைந்த ரேமே நல்லது.

மாட்டும்போது அவசரப்படாதீர்கள். மதர்போர்டில் சாக்கெட்டின் இரு பக்கமும் பிளாஸ்டிக் பிடிப்பான்கள் இருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்து உலோகத் தகட்டை அப்படியே விட்டு, அதே துளைகளில் கூலரின் பட்டைகளைப் பூட்ட வேண்டும். கூலரின் அடித்தட்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்று இரண்டு முறை பாருங்கள். அதோடு மாட்டிவிட்டு "95 டிகிரி காட்டுது" என்று வருபவர்கள் நிறைய. மூடியின் நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் வையுங்கள். கூலரை நேராக இறக்கி, ஒரு பக்க ஸ்க்ரூவை இரண்டு சுற்று, மறுபக்கத்தை இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒரே பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டால் பேஸ்ட் ஒரு ஓரமாக ஒதுங்கிவிடும். ஃபேனில் எந்தப் பக்கம் காற்று வெளியே வரும் என்று குழப்பம் வந்தால், மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கம்தான் வெளியேறும் பக்கம். அது கேபினட்டின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். பேஸ்ட்டுக்குப் பதிலாகத் தடவும் லிக்விட் மெட்டல் பக்கம் மட்டும் போகாதீர்கள். அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். முதல் கம்ப்யூட்டரில் செய்து பார்க்கிற விஷயம் இல்லை.

அப்புறம் ஓவர்கிளாக். இந்த ப்ராசஸரில் பழைய பாணியில் எல்லா கோர்களுக்கும் ஒரே வேகம் வைத்து வோல்டேஜ் ஏற்றுவதில் லாபம் குறைவு. ஒரு கோர் மட்டும் ஓடும் வேலைகளில் அது தானாகத் தொடும் 5.3 கிகாஹெர்ட்ஸையே இழக்கவும் நேரலாம். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) ப்ரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் என்ற பகுதிக்குள் கர்வ் ஆப்டிமைசர் இருக்கும். அதில் மைனஸ் 10 என்று ஆரம்பித்துப் படிப்படியாக இறக்குங்கள். வோல்டேஜ் குறையும், வெப்பம் குறையும், குறைந்த இடத்தில் ப்ராசஸர் தானே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். அதே பகுதியில் வெப்ப வரம்பை 95இலிருந்து 85 ஆக்கவும் முடியும். கோடையில் அப்படி வைத்துக்கொள்ளலாம், வேக இழப்பு சொற்பம்.

மாற்றம் செய்யும் முன், ஓவர்கிளாக் இல்லாத நிலையில் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை அரை மணி நேரமாவது ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் டிகிரி, வேகம், வாட் மூன்றையும், அறை வெப்பத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்து அதே சோதனையை ஓட்டுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் குறைந்தால் குறை கேபினட் காற்றோட்டத்தில் இருக்கிறது, கூலரில் இல்லை. கர்வ் ஆப்டிமைசர் பொறுத்தவரை சினிபெஞ்ச் ஓடிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். சும்மா பிரவுசர் திறந்திருக்கும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆனால் மதிப்பை அதிகம் இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். கோர்சைக்ளர் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு கோராகச் சோதித்து எது தாங்கவில்லை என்று காட்டிவிடும். ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டியின் வாரண்டி கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள்.

கடைக்காரர் சொன்னது எல்லா இடத்திலும் தவறு என்று நினைக்க வேண்டாம். இதே கேள்வியை இன்டெல் ஐ7 14700கே வாங்குபவர் கேட்டிருந்தால் நானே 360 சொல்லியிருப்பேன். அது 253 வாட் வரை போகும், சில்லின் பரப்பும் பெரியது. அங்கே ரேடியேட்டரின் அளவு நேரடியாகப் பலன் தரும். கம்ப்யூட்டரை அடிக்கடி ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் தூக்கிப் போகிறவர்களுக்கும் லிக்விட் வசதி, ஏனென்றால் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள டவர் கூலரை மாட்டியபடியே பஸ்ஸில் கொண்டுபோனால் மதர்போர்டுக்கு ஆபத்து.

உங்கள் சீனியரின் பழைய 240 பற்றி. சும்மா கிடைக்கிறது என்றாலும் எப்போது வாங்கியது என்று கேளுங்கள். இந்த வகைக் கூலர்களில் டியூப் சுவர் வழியாகத் திரவம் ஆண்டுக்கணக்கில் துளித்துளியாக ஆவியாகும், பெரும்பாலானவற்றில் மறுபடி நிரப்ப வழியில்லை. பம்ப்பும் ஐந்தாறு ஆண்டுகளில் தளர ஆரம்பித்துவிடும். டவர் கூலரில் ஃபேன் போனால் சில நூறு ரூபாயில் புது ஃபேன், பம்ப் போனால் மொத்தமும் குப்பை. மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கியது, ஏஎம்5க்கான பட்டைகளும் இருக்கின்றன என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மாட்டும்போது ரேடியேட்டரின் மேல்முனை பம்ப்பை விட உயரத்தில் இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ் மேலே போய்த் தங்கட்டும். ஓடவிட்ட பிறகு பம்ப்பில் காது வைத்துக் கேட்டால் கரகரவென்று சத்தம் வந்தாலோ, இரண்டு டியூப்பையும் தொட்டால் ஒன்று கொதித்தும் மற்றொன்று சில்லென்றும் இருந்தாலோ, உள்ளே திரவம் சரியாக ஓடவில்லை. அதைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு டவர் கூலரையே வாங்கிவிடுங்கள்.