ஆட்டம் புஷ்ஷிலா, காலரிலா?

கேள்வி: என் பைக்குக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. வளைவில் சாய்த்தால் பின்பக்கம் மட்டும் தனியாக நெளிகிறது. பின் சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்மில், அது திரும்பும் இடத்தில் உள்ள பிளாஸ்டிக் புஷ் தேய்ந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். ஒரு நண்பர் ஊசி போன்ற ரோலர்கள் உள்ள நீடில் பேரிங் போடச் சொல்கிறார், இன்னொருவர் வெண்கல புஷ் போதும் என்கிறார், பழைய மாதிரி பிளாஸ்டிக்கும் கிடைக்கிறது. எதைப் போடுவது?

பதில்: எதைப் போடுவது என்பது அப்புறம். முதலில் தேய்ந்தது எது என்று பார்த்தீர்களா?

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைக் கழற்றி, இரண்டு ஷாக் அப்சார்பர்களின் கீழ் போல்ட்டையும் எடுத்துவிட்டு, ஆர்மின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சக்கரம் மாட்டியிருக்கும்போதே ஆட்டினால் வீல் பேரிங்கின் ஆட்டமும் கூடவே வரும், எது எதுவென்று பிரிக்க முடியாது. வீல் பேரிங் போனதற்கு ஸ்விங் ஆர்மைக் கழற்றியவர்கள் நிறையப் பேர். கையில் லேசாகத்தான் ஆடுகிறது என்று விட்டுவிடவும் வேண்டாம். இரண்டு புஷ்களுக்கும் இடையே 200 மி.மீ., ஆர்மின் நீளம் 450 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புஷ்ஷிலும் அரை மி.மீ. ஆட்டம் இருந்தாலே பின் ஆக்ஸில் 2 மி.மீ.க்கு மேல் இடம் மாறும். நீங்கள் வளைவில் உணர்ந்த நெளிவு இதுவாகத்தான் இருக்கும்.

சரி, ஆட்டம் உண்டு. இப்போது புஷ்ஷை ஒதுக்கி வைத்துவிட்டு அதற்குள் போகும் இரும்புக் குழாயை, அதாவது காலரை, கையில் எடுங்கள். மண்ணும் தண்ணீரும் பட்ட பைக்கில் பிளாஸ்டிக்கைவிட இந்தக் காலர்தான் அதிகம் அரித்திருக்கும், ஏனென்றால் மண் துகள் மெத்தென்ற புஷ்ஷில் பதிந்துகொண்டு உப்புத்தாள் மாதிரி இரும்பைத் தேய்க்கும். காலரின் நடுப்பகுதியை எந்தப் புஷ்ஷும் தொடுவதில்லை, அதனால் அதுதான் பழைய அளவு. நடுவிலும் இரண்டு முனைகளிலும் மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். நகத்தால் தடவினால் படி தட்டுப்படுகிறதா, அளவே எடுக்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள். தேய்ந்த காலர் மேல் எவ்வளவு நல்ல புஷ் போட்டாலும் பணம் வீண்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பேரிங் என்றாலே புஷ்ஷைவிட உசத்தி என்று ஒரு நினைப்பு இருக்கிறது, சக்கரத்துக்கு அது சரி, இங்கே அப்படியே பொருந்தாது. ஆர்ம் சுற்றுவதில்லை, ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். 450 மி.மீ. ஆர்மில் சக்கரம் 100 மி.மீ. முழுதாக ஏறினாலும் கோணம் ஏறத்தாழ 13 டிகிரி, சாதாரண ரோட்டில் அதில் பாதிகூட வராது. ஊசி ஊசியான அந்த ரோலர்கள் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கும், கிரீஸ் விலகிப்போன இடத்தில் காலரில் கோடு கோடாகப் பள்ளம் விழும். நீடில் பேரிங் தப்பு என்று சொல்லவில்லை, கம்பெனியே அதற்காக வடிவமைத்த பைக்குகளில் சீல், கடினமான காலர், கிரீஸ் எல்லாம் சேர்ந்து நன்றாகவே உழைக்கிறது. ஆனால் புஷ்ஷுக்காகக் கட்டிய ஆர்மில் அதைத் திணிக்க வேண்டுமானால் அது ஓட, உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் 58க்கு மேல் கடினப்படுத்திக் கிரைண்டிங் செய்த காலர் வேண்டும், பக்கவாட்டு விசையை நீடில் தாங்காது என்பதால் இரண்டு பக்கமும் த்ரஸ்ட் வாஷர் வேண்டும், சீலுக்கும் இடம் வேண்டும். இவ்வளவும் செய்து தர நல்ல லேத்துக்காரர் இருந்தால் போடுங்கள்.

தினமும் ஓட்டும் பைக் என்றால் என் ஓட்டு வெண்கலத்துக்கு, கூடவே புதுக் காலருக்கு. வெண்கலத்திலும் இரண்டு ஜாதி உண்டு. கட்டி வெண்கலத்துக்கு கிரீஸ் போக உள்ளே காடி வெட்டியிருக்க வேண்டும். தூளை அழுத்திச் செய்த சின்டர் புஷ்ஷோ தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெயைத் தானே குடித்து வைத்திருக்கும், அதற்கு எண்ணெய்தான் சரி. பழைய பிரிட்டிஷ் பைக்கான நார்ட்டன் கமாண்டோவின் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷுக்கு எஸ்.ஏ.இ. 140 கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும், அதில் கிரீஸ் கன்னை வைத்துக் கெடுத்தவர்கள் உண்டு.

ஒரு விஷயத்தில் நான் சூடு கண்டவன். புஷ்ஷை ஆர்மில் அழுத்தி ஏற்றினால் அதன் துவாரம் கொஞ்சம் சுருங்கும். இது தெரியாமல் வெளியிலேயே காலரைப் போட்டுப் பார்த்து, அழகாக வழுக்குகிறது என்று சந்தோஷப்பட்டு, ஏற்றிய பிறகு நுழையாத காலரைச் சுத்தியலால் தட்டி இறக்கி, ஒரே மாலையில் ஒரு செட் புஷ்ஷையும் காலரையும் சேர்த்தே பாழாக்கினேன். ஏற்றிய பிறகுதான் இரண்டு புஷ்ஷையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் (துவாரத்தைத் துல்லியமாகச் செதுக்கும் கருவி) விட்டு, ஏறத்தாழ 0.05 மி.மீ. இடைவெளிக்குக் கொண்டுவர வேண்டும். சின்டர் புஷ் என்றால் ரீமர் கூர்மையாக இருக்க வேண்டும், மழுங்கிய ரீமர் எண்ணெய் தங்கும் நுண்துளைகளை அடைத்துவிடும்.

பிளாஸ்டிக்கையும் மட்டம் தட்ட மாட்டேன். எப்போதாவது வெளியே எடுக்கும் பைக்குக்கு அது தாராளம். நைலான் ஈரத்தைக் குடித்து உப்பும், டெல்ரின் என்ற பிளாஸ்டிக் அவ்வளவாக உப்பாது, கிடைத்தால் அதை வாங்குங்கள்.

கேள்வி: புது புஷ் போட்டதும் ஆர்ம் மிகவும் இறுக்கமாக இருக்கிறது. ஆர்ம் திரும்பும் அச்சில் உள்ள பிவட் நட்டைத் தளர்த்தினால் சரியாகிவிடுகிறது. அப்படியே ஓட்டலாமா?

பதில்: கூடாது. அந்த நட்டின் வேலையே காலரை ஃபிரேமுக்கு நடுவில் அசையாமல் கவ்வுவது, ஆர்ம் காலரின் மேல்தான் திரும்ப வேண்டும். காலர் இருபுறமும் புஷ் விளிம்பைவிட 0.1, 0.2 மி.மீ. போல மொத்தத்தில் நீண்டிருக்க வேண்டும். உங்களுடையது குட்டையாக இருக்கிறது, அல்லது புஷ்ஷின் விளிம்பு தடிமனாக இருக்கிறது, அதனால் நட்டு ஆர்மையே கவ்வுகிறது. விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சரிசெய்து, மேனுவலில் சொன்ன டார்க்குக்கே இறுக்குங்கள். ஷாக் மாட்டாத நிலையில் ஆர்மைக் கிடைமட்டமாகத் தூக்கி விட்டால் தன் எடையில் மெதுவாக இறங்க வேண்டும். தொப்பென்று விழவும் கூடாது, நின்ற இடத்தில் நிற்கவும் கூடாது.

கேள்வி: என் பைக்கில் ஸ்விங் ஆர்முக்கு புஷ்ஷுக்குப் பதில் ரப்பர் வைத்த சைலன்ட் பிளாக். மாற்றிக் கொஞ்ச நாளிலேயே ரப்பர் கிழிந்துவிட்டது. கிரீஸ் போடாததாலா?

பதில்: கிரீஸ் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருக்கும், ரப்பருக்கு அது ஆகாது. சைலன்ட் பிளாக்கில் எதுவும் வழுக்குவதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்பும். ஆர்ம் கீழே தொங்கும்போது நட்டை இறுக்கியிருப்பார்கள், நீங்கள் ஏறி உட்கார்ந்ததுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு, அதற்கு மேல் ஒவ்வொரு பள்ளமும் கூடுதல் முறுக்கு. அடுத்த தடவை எல்லாவற்றையும் மாட்டி, சக்கரத்தைத் தரையில் வைத்து, ஒருவரை சீட்டில் உட்கார வைத்த பிறகு பிவட் நட்டை இறுக்கச் சொல்லுங்கள்.