திருநெல்வேலி மாநகரின் மேலப்பாளையம் போன்ற கட்டுப்பாடு மிகுந்த பகுதியில் பெண்கள் எப்படி அரசியலுக்கு வருகிறார்கள்?

மேலப்பாளையத்தில் அதன் வேர் பீடி சுற்றும் முறத்தில் இருக்கிறது என்பேன். மடியில் முறம், அதில் நனைத்து வெட்டிய இலை, புகையிலைத் தூள், நூல் என்று நான்கைந்து பெண்கள் ஒரு வீட்டு முன்னறையில் சேர்ந்து அமரும்போது, கூலிக் குறைவும், தரமில்லை என்று கழித்துவிடப்பட்ட பீடிக் கட்டுகளும், வராத குடிநீரும் ஒரே பேச்சாகின்றன. அந்தப் பேச்சுதான் திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுவாகிறது. பத்துப் பேராகச் செல்வதால் வீட்டாரின் தயக்கமும் தளர்கிறது, இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

சட்டமும் துணை நின்றது: 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு உறுதிசெய்தது, தமிழ்நாடு 2016இல் அதை 50 விழுக்காடாக்கியது. பெண் உறுப்பினரின் கணவரே வார்டை நடத்துவார் என்ற பேச்சு சில இடங்களில் உண்மைதான். ஆனால் பீடிக் கூலிக்குக் கணக்குப் பார்த்துப் பழகிய பெண், தெருக்குழாயில் எத்தனை நாள் தண்ணீர் வரவில்லை என்பதை யாரும் எழுதித் தராமலேயே மாநகராட்சி மாமன்றத்தில் சொல்வார்.