ஜீப்பை ஏற்ற எந்த ட்ரெய்லர்? கேள்வி பதில்

அமெரிக்காவில் ஜீப்பும் சைட்-பை-சைடும் (கரடுமுரடான பாதைக்கான சிறிய திறந்த வண்டி) வைத்துக்கொண்டு மலைக்கும் பாலைவனத்துக்கும் போகிற நண்பர்கள் ட்ரெய்லர் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன். ட்ரெய்லர் தகட்டிலும் ட்ரக் ஸ்டிக்கரிலும் பவுண்டுதான் முதலில் இருக்கும், அதனால் கணக்கும் பவுண்டிலேயே.

டென்வரிலிருந்து: அண்ணா, நாலு கதவு ஜீப் ரேங்லர் ரூபிகான் வைத்திருக்கிறேன். 37 இன்ச் டயர், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், இரும்பு பம்பர் எல்லாம் போட்டாச்சு. யூட்டாவில் உள்ள மோவாப் போக 7,000 பவுண்டு ட்ரெய்லர் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்த 7,000 ட்ரெய்லரும் சுமையும் சேர்ந்த மொத்த எடை. 18 அடி இரும்பு ட்ரெய்லர் தானே சுமார் 2,000 இருக்கும், மிச்சம் 5,000. உங்கள் ரூபிகான் கம்பெனியிலிருந்து வரும்போதே 4,400க்கு மேல். பம்பர், வின்ச், பெரிய டயர், அடித்தகடு என்று சேர்த்தால் 5,000ஐத் தொட்டுவிடும், அதுவும் ஐஸ் பெட்டியும் கருவிப் பெட்டியும் பெட்ரோல் கேனும் ஏறுவதற்கு முன்னால். 5,200 பவுண்டு அச்சு இரண்டு உள்ள 10,000 பவுண்டு ட்ரெய்லரைப் பாருங்கள். ஆனால் எதை வாங்குவதற்கும் முன், பயணத்துக்குக் கட்டுகிற எல்லாவற்றோடும் ஜீப்பை ட்ரக் ஸ்டாப்பில் உள்ள எடை மேடையில் ஏற்றிவிடுங்கள். செலவு சொற்பம், ஊகத்தில் வாங்குகிற வேலை மிச்சம்.

டெக்சாஸிலிருந்து: என் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ட்ரக் 11,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருக்கிறது. அப்புறம் என்ன கவலை?

அந்த எண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்று. எஃப்-150 போன்ற பெரும்பாலான அரை டன் வகை ட்ரக்குகளைக் கட்டிப்போடுவது அந்த எண்தான். சுமையோடு ட்ரெய்லர் 8,000 என்றால் அதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 800 முதல் 1,200 வரை, ட்ரக்கின் கொக்கிமேல் உட்காரும். ஸ்டிக்கரில் 1,500 என்று இருந்தால் மீதியில் நீங்கள், வீட்டம்மா, இரண்டு பிள்ளைகள், கூடாரம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. கொக்கியைச் செருகும் ரிசீவரிலும் ஒரு லேபிள் உண்டு. எடையை அச்சுகளுக்குப் பகிரும் ஹிட்ச் (இணைப்பு) இல்லாமல் 5,000 வரைதான் என்று பல வண்டிகளில் எழுதியிருக்கும், அதையும் குனிந்து படியுங்கள்.

கொக்கிமேல் பாரம் குறைவாக இருந்தால் நல்லது என்று நினைத்து ஜீப்பைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்துகிறவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பின்பாரம் கூடினால் 60 மைல் வேகத்தில் ட்ரெய்லர் ஆட ஆரம்பித்து ட்ரக்கையும் சேர்த்து இழுத்துவிடும்.

டொயோட்டா 4ரன்னர் வைத்திருப்பவர்: 2018 மாடலில் ரேங்லரை இழுக்கலாமா?

முடியாது. அதன் உச்சவரம்பு 5,000 பவுண்டு, ட்ரெய்லரோடு சேர்த்து.

கொலராடோ ஸ்பிரிங்ஸிலிருந்து: இரண்டு அச்சிலும் பிரேக் அவசியமா சார்? ஒரு அச்சில் மட்டும் இருந்தால் 300 டாலர் குறைவு என்கிறார்கள்.

அவசியம். பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் பிரேக் சட்டப்படியே வேண்டும், ஆனால் நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. நீங்கள் போகிற ஐ-70 ஐசன்ஹவர் சுரங்கத்தில் 11,000 அடி உயரத்தைத் தாண்டி, உடனே சில்வர்தோர்ன் பக்கம் செங்குத்தாக இறங்குகிறது, அதை முடித்தால் வேல் கணவாய். 8,000 பவுண்டு பின்னால் தள்ளும்போது ட்ரக் பிரேக் மட்டும் பிடித்தால் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். எலெக்ட்ரிக் பிரேக், கேபினில் கன்ட்ரோலர், கொக்கி கழன்றால் தானாகப் பிடிக்கும் பிரேக்அவே சுவிட்ச், அதற்கு உயிருள்ள பேட்டரி, ஏழு முனை மின் இணைப்பு எல்லாம் இருக்கட்டும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். ட்ரெய்லர் ஆடினால் ட்ரக் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, கன்ட்ரோலரின் கைப்பிடியால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடியுங்கள்.

டயரையும் பாருங்கள். ட்ரெய்லருக்கான எஸ்டி டயர்கள் பல 65 மைல் வேகத்துக்கே செய்யப்பட்டவை. கலிபோர்னியாவில் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்கு வரம்பே 55. பழைய ட்ரெய்லர் என்றால் டயரின் பக்கச்சுவரில் தயாரிப்புத் தேதி இருக்கும், ஐந்தாறு வருஷம் ஆனது என்றால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றுங்கள்.

அரிசோனாவிலிருந்து: டயர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது, மட்கார்டுக்கு நடுவே போகுமா?

வழக்கமான ட்ரெய்லரில் மட்கார்டுகளுக்கு இடையே 82, 83 இன்ச் இடம். டயரின் வெளி விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை நீங்களே அளந்துகொள்ளுங்கள். நெருக்கமாக இருந்தால் மேலே ஏறிப் போகக்கூடிய மட்கார்டு உள்ளதை வாங்கலாம். சக்கரத்துக்கு மேலே தளம் உள்ள டெக்-ஓவரில் அகலத்துக்குக் கவலையில்லை, ஆனால் தளம் உயரம். லிஃப்ட் செய்த (உயரம் கூட்டிய) ஜீப் அதன்மேல் நின்றால் காற்றில் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள், எனக்குப் பிடிக்காது.

நெவாடாவிலிருந்து: நாலு சீட் ஆர்இசட்ஆர் சைட்-பை-சைடுக்கு 12 அடி ட்ரெய்லர் போதுமா?

வண்டியே 12 அடிக்குப் பக்கம். 14 அடி எடுங்கள், எடையைச் சரியான இடத்தில் நிறுத்த நகர்த்த இடம் வேண்டும்.

சியாட்டிலிலிருந்து: வாடகை ட்ரெய்லர், அல்லது முன்சக்கரத்தை மட்டும் தூக்கும் டாலி?

டாலி வேண்டவே வேண்டாம். ரேங்லர் 4x4ஐ இரண்டு சக்கரம் தரையில் உருள இழுத்தால், முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும். நாலு சக்கரமும் தரையில் இருக்க, டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டு டோ பாரில் (இழுவைக் கம்பியில்) இழுக்கலாம், அதற்கு ஜீப்பே அனுமதிக்கிறது. கையேட்டில் உள்ள வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். வாடகை என்றால் யு-ஹால் என்ற வாடகைக் கம்பெனியின் கார் ட்ரெய்லர் 5,290 பவுண்டு வரை ஏற்றும். மாற்றம் செய்யாத ஜீப்புக்குச் சரி.

அதே நண்பர்: ஜீப்பைக் கட்டுவது எங்கே, சட்டத்திலா (ஃபிரேமிலா) அச்சிலா?

அச்சில். சட்டத்தில் கட்டினால் ஸ்பிரிங் அமுங்கி எழும்போதெல்லாம் பட்டை தளரும். நாலு மூலைக்கு நாலு தனிப் பட்டை, ஒவ்வொன்றும் 3,333 பவுண்டு வேலைச்சுமை உள்ள 2 இன்ச் ராட்செட். பிரேக் ஹோஸில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்பி சில மைல் போனதும் ஓரங்கட்டி, நாலையும் மறுபடி இறுக்குங்கள்.