மூச்சு வாங்கும் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நெடுநாள் நோயுற்றிருந்த ஒருவரை உடனிருந்து பார்த்துக்கொண்டேன். அவர் மறைந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. துக்கப்படக்கூடத் தெம்பில்லாத அளவுக்குக் களைத்துப்போயிருக்கிறேன். புத்தகத்தை எடுத்தால் ஒரு பக்கத்தைத் தாண்ட முடிவதில்லை. ஓர் இரவு வானொலியில் தற்செயலாக லத்தீன் மொழித் தேவாலயச் சேர்ந்திசை ஒன்றைக் கேட்டேன். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அன்றுதான் என்னால் அழ முடிந்தது. அதன்பின் தினமும் கேட்கிறேன். நான் கிறிஸ்தவள் அல்ல. இறைநம்பிக்கையும் எனக்கு இல்லை. நம்பாத ஒன்றிலிருந்து ஆறுதலைப் பெற்றுக்கொள்வது நேர்மையா, அல்லது வெறும் தப்பித்தலா? தோழி ஒருவர் தாம் பாடும் குழுவில் என்னையும் சேரச் சொல்கிறார். ஒரு வரியை முழுதாகப் பாடும் மூச்சுகூட என்னிடம் இல்லை.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாட்களாக மனத்தில் வைத்திருந்தேன். அதன் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டவற்றுக்கெல்லாம் விடை அங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

சேர்ந்திசையில் எவரும் ஒரு வரியை முழுமூச்சில் பாடுவதில்லை. பல ஆண்டுகளாக ஆல்டோ என்னும் தாழ்ந்த பெண்குரல் பகுதியில் பாடிவரும் நண்பர் ஒருவர் இதை எனக்கு விளக்கினார். நீண்ட வரி வரும்போது குழுவை நடத்துபவர் சொல்வது இதுதான்: பக்கத்தில் இருப்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் நீங்கள் வாங்காதீர்கள், மூச்சு தீரும்வரை காத்திராமல் அதற்கு முன்பே ஓசையின்றி நிறுத்துங்கள், திரும்பச் சேரும்போது மெல்லச் சேருங்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு கணத்தில் விலகி மீள்வதால், கேட்பவர் காதில் அந்த வரி அறுபடுவதே இல்லை. இரவில் நீங்கள் கேட்ட முடிவற்ற அந்த ஒலி, அவ்வப்போது பாடுவதை நிறுத்தியே ஆகவேண்டிய சாதாரண நுரையீரல்களால் ஆனது. நோயுற்ற ஒருவரை இரவும் பகலும் நீங்கள் தனியொருவராகப் பார்த்துக்கொள்ளும்போது இதற்கு நேர்மாறானது நடக்கிறது: நீங்கள் நின்றால் எல்லாம் நின்றுவிடும். அப்படி நெடுங்காலம் வாழ்ந்த உடல், தான் ஓய்ந்த பிறகும் தொடர்கிற ஒன்றைக் கேட்டவுடன் இளகியதில் எனக்கு வியப்பில்லை.

சொற்கள் புரியாததைக் குறையாக எண்ண வேண்டாம். கத்தோலிக்கரின் முதன்மை வழிபாடான திருப்பலியின் இசையமைப்புகளில் முதலில் வரும் ‘கிரியே எலேசோன்’ என்னும் பகுதி கிரேக்க மொழியில் அமைந்தது. ‘ஆண்டவரே இரக்கமாயிரும், கிறிஸ்துவே இரக்கமாயிரும்’ என்பதற்கு மேல் அதில் பொருளில்லை. அந்த ஒரே வேண்டுதலைச் சில நிமிடங்களுக்கு நீட்டி, குரலுக்குக் குரல் கைமாற்றிப் பாடுகிறார்கள். ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க முடியாத மனத்துக்கு இதைவிடக் கனிவான அளவு வேறு இருக்க முடியுமா? அந்த இசையின் நிதானத்துக்கு ஒரு புறக்காரணமும் உண்டு. கல்லாலான பெரிய தேவாலயங்களில் பாடி நிறுத்திய பிறகும் ஒலி பல நொடிகள் தங்கியிருக்கும். சுரங்கள் விரைந்து மாறினால் முந்தியதும் பிந்தியதும் கலந்து குழம்பிவிடும். ஆகவே அங்கே பாடுவதற்கென்று எழுதியவர்கள், சொன்னது அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

தப்பித்தல் என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. துயரத்தை மறைத்துவிடும் இசையாக இருந்தால் அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கும். இந்த இசை அப்படிப்பட்டதல்ல. வில்லியம் பேர்ட் என்னும் ஆங்கில இசையமைப்பாளரை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கத் திருப்பலி இங்கிலாந்தில் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1590களின் முற்பகுதியில், அவர் மூன்று குரல்களுக்கும் நான்கு குரல்களுக்கும் ஐந்து குரல்களுக்குமாக மூன்று திருப்பலி இசைகளை அமைத்தார். அவை தலைப்புப் பக்கம்கூட இல்லாமல் அச்சாயின. வீடுகளுக்குள் மறைவாகக் கூடியவர்கள் பாடுவதற்கான இசை அது. நான்கு குரல்களுக்கான திருப்பலியின் இறுதியில், ‘எங்களுக்கு அமைதியைத் தாரும்’ என்று பொருள்படும் சொற்கள் வரும் இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். ஒரு குரல் தன் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மற்றக் குரல்கள் நகர்ந்துவிடுகின்றன. சற்றுமுன்வரை இணக்கமாக இருந்த அதே சுரம் இப்போது மற்றவற்றோடு உரசி வலிக்கிறது. பிறகு அந்தக் குரல் ஒரு படி கீழே இறங்க, உரசல் தீர்கிறது. தீர்ந்த மாத்திரத்தில் வேறொரு குரலில் அடுத்த உரசல் தொடங்கிவிடுகிறது. அமைதியைக் கேட்கும் சொற்களுக்கே இத்தனை வலியை அவர் அடுக்கிவைத்திருக்கிறார். அதனால்தான் முடிவில் வரும் அமைதியை என்னால் நம்ப முடிகிறது. உங்களுக்கு அழுகை வந்ததும் இப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான் என்று ஊகிக்கிறேன்.

நேர்மையைப் பற்றிய கேள்விதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று தெரிகிறது. அதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான்னஸ் பிராம்ஸின் ‘ஜெர்மானிய ரெக்வியம்’ உருவான வரலாற்றைச் சொல்வது பொருத்தம். ரெக்வியம் என்பது மரபுப்படி இறந்தவர்களின் நித்திய இளைப்பாறுதலுக்காக லத்தீனில் வேண்டும் திருப்பலி. பிராம்ஸ் அந்தச் சொற்களை விட்டுவிட்டு, சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் ஜெர்மன் விவிலியத்திலிருந்து தாமே வரிகளைத் தேர்ந்தார். அவரது படைப்பு இறந்தவர்களிடமிருந்து தொடங்கவில்லை, ‘துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் ஆறுதலடைவார்கள்’ என்று, எஞ்சியிருப்பவர்களிடமிருந்து தொடங்குகிறது. 1865ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவருடைய தாய் இறந்திருந்தார். ஜெர்மனியின் பிரெமன் நகரப் பேராலயத்தில் அந்த இசையை அரங்கேற்ற ஆயத்தம் செய்துகொண்டிருந்த கார்ல் ரைந்தாலர், கிறிஸ்துவின் மீட்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லையே என்று கவலைப்பட்டு எழுதினார். ‘ஜெர்மானிய’ என்னும் சொல்லைக்கூட எடுத்துவிட்டு ‘மனித’ என்று வைக்கத் தமக்குச் சம்மதமே என்ற பொருளில் பிராம்ஸ் பதில் எழுதினார். ஆனால் மீட்பைப் பற்றிய வரிகளை அவர் சேர்க்கவில்லை. 1868ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று அது அந்தப் பேராலயத்திலேயே பாடப்பட்டது. ஒரு தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன் என்னும், விவிலியத்தின் ஏசாயா நூலில் வரும் வரியைக் கொண்ட, சோப்ரானோ என்னும் உயர்ந்த பெண்குரலுக்கான பகுதியை அதன் பிறகுதான் அவர் சேர்த்தார். கோட்பாட்டுக்கு உட்படாத ஒருவர் எழுதியதை நம்பிக்கையாளர்கள் தங்கள் பேராலயத்தில் நின்று பாடியிருக்கிறார்கள் என்றால், நம்பிக்கையாளர்கள் எழுதியதை நீங்கள் உங்கள் இருட்டறையில் படுத்தபடி கேட்பதில் என்ன களவு இருக்கிறது? ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வேன்: அது பிறருக்கு வழிபாடு என்பதை நினைவில் வைத்திருங்கள். உங்கள் கடிதத்தின் தொனியைப் பார்த்தால் அதைச் சொல்லத் தேவையே இல்லை.

இன்னொன்றையும் தயக்கமின்றிச் சொல்கிறேன். எட்டு மாதங்களாகச் சோர்வு விலகவில்லை என்றால் மருத்துவர் ஒருவரை அவசியம் பாருங்கள். இசை அதற்கு மாற்றாகாது; மருத்துவரிடம் போவதால் இசையின் மதிப்பு குறைந்துவிடவும் செய்யாது.

கேட்பதைக் கடமையாக்கிக்கொள்ள வேண்டாம். பிராம்ஸின் படைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீள்வது. இப்போதைக்கு அதன் முதல் பகுதியோ, பேர்ட்டின் அந்த இறுதிப் பகுதியோ போதும். ஒலியைக் குறைத்து வைத்து, ஏதேனும் ஒரு குரலை மட்டும், உள்ளே இருக்கும் ஆல்டோவையோ, டெனர் என்னும் உயர்ந்த ஆண்குரலையோ, பின்தொடர்ந்து பாருங்கள். பிடி நழுவினால் நழுவட்டும்.

தோழியின் அழைப்புக்கு இப்போதே ‘சரி’ என்றோ ‘முடியாது’ என்றோ சொல்ல வேண்டியதில்லை. ஒத்திகை நாளில் வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்கலாமா என்று மட்டும் அவரிடம் விசாரியுங்கள். அனுமதி கிடைத்தால் அவர் பாடும் வரிசைக்கு அருகில் ஓர் இடம் பார்த்து உட்காருங்கள். நீண்ட வரி வரும்போது அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதையும், அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதையும் கவனியுங்கள். முடிந்தால், கண்டதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.