பிரெட்போர்டில் கட்டிய சர்க்யூட் ஓடவில்லை என்றால் எங்கிருந்து தேடத் தொடங்குவது? வீட்டு மேஜையில் என்னென்ன வேண்டும்?

வரைபடத்தைப் பார்த்து பிரெட்போர்டில் (சால்டர் செய்யாமல் பாகங்களைத் துளைகளில் செருகும் பலகை) அப்படியே கட்டுகிறேன், ஆனாலும் பாதிக்குப் பாதி ஓடுவதில்லை, எந்தப் பாகத்தை மாற்றுவது என்றே தெரியவில்லை, மேஜையை ஒழுங்காக அமைத்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மல்டிமீட்டரில் அளந்து பார்க்கும்வரை எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். பழைய ஐசியை (பல கால்கள் கொண்ட சிப்) பிடுங்கிப் புதியதைச் செருகும்போது பக்கத்து வயர் லேசாக அசைந்து, அதனால் சர்க்யூட் உயிர் பெற்றுவிட்டால் ஐசிதான் கெட்டிருந்தது என்று நம்பிவிடுவோம். இரண்டு நாள் கழித்து அதே கோளாறு திரும்ப வரும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வைஃபை உள்ள இஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டை வைத்து வெப்பநிலை பார்க்கும் சின்ன கருவி கட்டினேன். எல்லாம் ஓடும், வைஃபை இணையப் போகும் நொடியில் ரீசெட் ஆகிவிடும். புரோகிராமில்தான் தப்பு என்று இரண்டு இரவு அதையே திருத்திக்கொண்டிருந்தேன், அப்புறம் போர்டையே மாற்றினேன், அப்போதும் அதேதான். அடாப்டரின் முனையில் மீட்டர் வைத்தால் 5 வோல்ட் சுத்தமாகக் காட்டுகிறது. போர்டின் பவர் பின்களுக்கு நடுவே 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் பாகம்) ஒன்று போட்டதும் ரீசெட் நின்றுவிட்டது. அதோடு விட்டிருக்கலாம், ஆனால் காரணம் தெரியாமல் விட மனம் வரவில்லை. மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, சர்க்யூட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு ஜம்பர் வயரின் இரண்டு முனைகளுக்கும் இடையே அளந்தேன். மற்ற வயர்களில் சில மில்லிவோல்ட்தான் வந்தது. கிரவுண்டுக்குப் போன கறுப்பு வயரில் மட்டும் 280 மில்லிவோல்ட். அந்த நேரம் ஓடிய கரண்ட் சராசரியாக 100 மில்லிஆம்ப், அப்படியென்றால் அந்த ஒரு வயரில் 2.8 ஓம் உட்கார்ந்திருக்கிறது. வைஃபை சிக்னல் அனுப்பும்போது கரண்ட் கண நேரத்துக்கு 300 மில்லிஆம்புக்கு மேல் தாவும், அப்போது கிட்டத்தட்ட ஒரு வோல்ட் அங்கேயே போய்விடும். போர்டில் இருக்கும் ரெகுலேட்டர் 3.3 வோல்ட் கொடுக்க அதைவிட ஏறக்குறைய ஒரு வோல்ட் கூடுதலாக உள்ளே வர வேண்டும், 5 வோல்ட்டில் அது போனால் மிஞ்சுவது 4 வோல்ட் சொச்சம்தான், சிப் படுத்துவிடும். வயரை மாற்றினேன், கெபாசிட்டரைக் கழற்றிய பிறகும் ஓடியது. வெளியே பார்த்தால் அந்த வயரில் ஒரு குறையும் தெரியாது. முனையில் உள்ள பின்னை வயரோடு சேர்த்து அமுக்கியிருந்த இடம் தளர்ந்திருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், பவரை பேட்டரியிலோ அடாப்டரிலோ அளக்காதீர்கள், ஐசியின் கால்களிலேயே அளங்கள். 555 என்ற டைமர் ஐசி என்றால் மீட்டரின் ஒரு புரோப் 8ஆம் காலில், இன்னொன்று 1ஆம் காலில், சர்க்யூட் ஓடும்போதே. சும்மா இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தேய்ந்திருந்தாலும் 9க்குப் பக்கத்தில் காட்டும், சுமை ஏறினால்தான் அதன் உண்மை நிலை தெரியும். நீளமான பிரெட்போர்டுகள் பலவற்றில் ஓரத்துப் பவர் வரிசை நடுவில் துண்டாகியிருக்கும், சிவப்புக் கோடு அங்கே விட்டுப்போயிருந்தால் அதுதான் அடையாளம். மேல் பாதிக்கு பவர் வந்து கீழ் பாதிக்கு வராமல் இருப்பதற்கு இதுதான் அடிக்கடி காரணம். இரண்டு தனித்தனி பவர் சப்ளை வைத்திருந்தால் இரண்டின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மோட்டாருக்கு ஒன்று, கன்ட்ரோலருக்கு ஒன்று என்று வைப்பவர்கள் இதை மறக்காமல் இருப்பது அபூர்வம்.

பவர் சரி என்றால் அடுத்து நடுவில் அளங்கள். மைக், ஆம்ப்ளிஃபையர், கம்பேரேட்டர் (இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் ஐசி), டிரான்சிஸ்டர், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) என்று வரிசையாகப் போகும் சர்க்யூட்டில் மைக்கிலிருந்து ஒவ்வொன்றாக வர வேண்டியதில்லை. கம்பேரேட்டரின் அவுட்புட்டைப் பாருங்கள், அங்கே சிக்னல் மாறுகிறது என்றால் முன்பாதி நல்லது, பின்பாதியில் தேடினால் போதும். அளப்பதற்கு முன்பே அங்கே என்ன வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவிட்டு அளங்கள், இது முக்கியம். எதிர்பார்ப்பு இல்லாமல் அளந்தால் மீட்டர் 3.2 என்று காட்டும், அது நல்லதா கெட்டதா என்றே தெரியாது. 5 வோல்ட்டில் 330 ஓம் ரெசிஸ்டரோடு ஒரு சிவப்பு எல்இடி என்றால் எல்இடியில் 2 வோல்ட், ரெசிஸ்டரில் 3 வோல்ட், கரண்ட் 9 மில்லிஆம்ப் அளவில் இருக்க வேண்டும். ரெசிஸ்டரில் 0 என்றால் பாதை எங்கோ விட்டிருக்கிறது, இல்லையென்றால் எல்இடி திரும்பியிருக்கிறது.

என்பிஎன் டிரான்சிஸ்டர் ஸ்விட்சாக ஓடும்போது பேஸ் காலுக்கும் எமிட்டர் காலுக்கும் நடுவே 0.6லிருந்து 0.7 வோல்ட் வரை இருக்கும். 3 வோல்ட் காட்டினால் அது செத்திருக்கிறது, அல்லது கால்கள் மாறியிருக்கின்றன. தட்டையான பக்கம் நம்மைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் பிசி547 டிரான்சிஸ்டருக்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904க்கு அப்படியே தலைகீழ். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். அப்புறம் சிமாஸ் (CMOS) வகை ஐசிகளின் இன்புட் எதையும் அந்தரத்தில் விடாதீர்கள், கை பக்கத்தில் போனாலே அவுட்புட் மாறும். 555இன் 4ஆம் கால் ரீசெட், பயன்படுத்தவில்லை என்றால் அதை பாசிட்டிவில் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு ஐசியின் பவர் கால்களுக்கும் ஒட்டினாற்போல் 100 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று போடுங்கள்.

சரி, மேஜைக்கு வருவோம். காசை முதலில் மீட்டருக்கும் பவர் சப்ளைக்கும் செலவழியுங்கள். கரண்ட் லிமிட் வைக்க முடிகிற சப்ளையாக வாங்குங்கள். புதிதாகக் கட்டிய சர்க்யூட்டுக்கு 50 மில்லிஆம்ப் என்று வரம்பு வைத்து ஆன் செய்தால், எங்காவது ஷார்ட் இருந்தால் வோல்டேஜ் சரிந்து கீழே போகும். பெரும்பாலும் பாகம் தப்பிவிடும், எண்ணைப் பார்த்தே கோளாறு புரிந்துவிடும். மீட்டரில் கரண்ட் அளந்து முடித்ததும் சிவப்பு புரோபை உடனே வோல்டேஜ் துளைக்கு மாற்றுங்கள். 10 ஆம்ப் துளையில் விட்டுவிட்டு வோல்டேஜ் அளக்கப் போனால் சப்ளையை நேராக ஷார்ட் செய்கிறீர்கள், விலை குறைந்த மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு ஃபியூஸ்கூட இருக்காது. கன்டினியூட்டியும் (இணைப்பு இருந்தால் மீட்டர் பீப் அடிக்கும் அளவீடு) ஓமும் பவரை அணைத்த பிறகு மட்டும் அளங்கள்.

சால்டரிங் அயர்ன் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வகையாக இருக்கட்டும். 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம் கலந்த சால்டர்) 183லிருந்து 190 டிகிரிக்குள் உருகிவிடும், ஆனால் முனையிலிருந்து வெப்பம் பாகத்துக்கும் பலகைக்கும் போக வேண்டும் என்பதால் 320லிருந்து 350 வரை வைக்கிறோம். காலையும் பலகையையும் ஒன்றாகச் சூடாக்கி, ஈயத்தை அந்த இணைப்பில் காட்டுங்கள், அது தானாக ஓடிப் பரவும். புகை, ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸிலிருந்து வருவது, மூச்சுக்கு நல்லதில்லை, ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள், ஈயம் விரலில் இருக்கும்.

ஆசிலோஸ்கோப் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். அதைவிட நிழல் விழாத வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் எனக்கு அதிகக் கோளாறுகளைக் காட்டியிருக்கின்றன. மேஜை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் பாதியில் நிற்கும் சர்க்யூட்டை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகிற இடமாக இருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் வேலை செய்தால் தினமும் எடுத்து வைக்கும்போது ஒரு வயர் கழன்றிருக்கும், மறுநாள் தேடுவது பழைய கோளாறையா புதியதையா என்றே தெரியாது. வீட்டு மின்சாரத்தில் நேராக ஓடும் எதையும் இந்த மேஜையில் இப்போதைக்குத் திறக்காதீர்கள்.

இப்போது ஓடாமல் இருக்கும் சர்க்யூட் எது, அதன் ஐசி கால்களில் பவர் எவ்வளவு வருகிறது, நடுவில் ஒரு இடத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று அளந்து எழுதுங்கள், அங்கிருந்து சேர்ந்து பார்க்கலாம்.