எந்தக் குருவியும் அலகை வளர்த்துக்கொள்ளவில்லை

பரிணாமம் பற்றிய கேள்விக்கு "தேவைப்பட்டதால் பறவையின் அலகு பெரிதானது" என்று எழுதிய உங்கள் மகளுக்கு மதிப்பெண் போய்விட்டது, எங்கே தப்பு என்று கேட்டிருந்தீர்கள். அந்த 'தேவைப்பட்டதால்'தான் தப்பு.

பசிபிக் கடலிலுள்ள கலாபகோஸ் தீவுகளில் ஒன்றான டாப்னி மேஜரை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரியல் ஆய்வாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியின் குழு அங்கே ஃபின்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து வந்தது. 1977இல் கடும் வறட்சி. சின்ன விதைகள் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. மிஞ்சியது பெரிய, கெட்டியான விதைகள். அதில் முக்கியமானது ஒரு நெருஞ்சி வகை. ஆமாம், நம் காலில் குத்தும் நெருஞ்சியின் உறவுதான்! அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். மெல்லிய அலகுக் குருவிகள் பெரும்பாலும் செத்துப்போயின. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன் முன்பிருந்ததைவிட சுமார் அரை மில்லிமீட்டர் அதிகம். அவற்றின் குஞ்சுகளுக்கும் அலகு தடிப்பாகவே இருந்தது, ஏனென்றால் அது மரபுவழி வருவது.

கவனியுங்கள், தனி ஒரு குருவியின் அலகும் மாறவில்லை. கூட்டத்தில் யார் மிஞ்சினார்கள் என்பதுதான் மாறியது. அப்புறம் 1983இல் மழை கொட்டியது, சின்ன விதைகள் பெருகின. அடுத்த ஓரிரு வருடங்களில் சிறிய அலகுக்காரர்கள் கை ஓங்கியது. மகளிடம் இந்த இரண்டாவது பாதியையும் சொல்லுங்கள்.